மிஸ்ஸி வாங்கிய பிள்ளைகள்

அன்று காலை எங்கள் ரப்பர் தோட்டத்துக் கேட்டில் என் அக்கா இருந்தாள். அக்காவின் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், இருந்தார். பால்வெட்டைக் கண்காணிக்கிற மண்டோர் இருந்தார். அந்த வாரம்தான் மாற்றலாகி வந்த காவல்காரர்கள் இரண்டு பேர் துப்பாக்கியோடு இருந்தார்கள். எங்களையெல்லாம் முகம் பார்த்தே அறிந்த பழைய கார்ப்பரல் இல்லை. அவரை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிற டிரஸ்ஸர் லீவில் போயிருந்தார். நான் சிரம்பானில் படித்துக்கொண்டிருந்தேன், அம்பாங்கானில் ஒரு வீட்டில் தங்கல். ஒரு வார்த்தை சொல்லி எல்லாவற்றையும் விளக்கியிருக்கக்கூடிய மிஸ்ஸியும் அங்கே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், மேட்டிலிருந்த ஆஸ்பத்திரியில், அக்கா கையிலிருந்த அந்தப் பாலுக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

மிஸ்ஸி என்பது அவருடைய பெயர் அல்ல. எங்கள் பக்கம் நர்ஸ் வேலை பார்க்கிற பெண்கள் எல்லாருமே மிஸ்ஸிதான். அவருக்கு ஒரு கிறிஸ்தவப் பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. லுக்குட் பக்கம் பிறந்தவர், அப்பா லாரி ஓட்டினவர், டவுன் ஆஸ்பத்திரியில் பிரசவ வேலையையும் பச்சைப்பிள்ளை வேலையையும் முறையாகப் படித்துவிட்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தவர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்ட பெண்களிடம், "யாரும் கேட்கலலா. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்" என்பார். எங்கள் பக்கம் பேச்சுக்குப் பேச்சு ஒரு லா ஒட்டிக்கொள்ளும்.

நடக்கும்போதும் பேசும்போதும் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துக்கொண்டே இருப்பார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு, ஏதோ கேட்க வந்து கூச்சப்படுகிறவர் போலத் தோன்றும். காரணம் வேறு. குறைமாதப் பிள்ளையைக் குளிர்ந்த கையால் தொட்டால் அது உடம்பிலிருக்கிற சூட்டையெல்லாம் அந்தக் கைக்குக் கொடுத்துவிடும் என்பார். எந்த நேரத்திலும் தொட வேண்டிவரலாம், ஆகவே எந்த நேரமும் கை சூடாக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியின் பின்னறையில் பால்டின் வருகிற மரப்பெட்டி ஒன்றை வைத்திருந்தார். உள்ளே இலவம்பஞ்சு மெத்தை. இரண்டு பக்கமும் காலி ஸ்டவுட் பீர் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, பிளானல் துணி சுற்றி வைப்பார். வைப்பதற்கு முன் ஒவ்வொரு பாட்டிலையும் தன் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். தோட்டத்தில் கேலி பேசுகிறவர்களுக்கா பஞ்சம்.

"என்ன மிஸ்ஸி, இந்த வாரம் எத்தனை பாட்டில் ஆச்சு?"

"புள்ளைங்க குடிக்கிறதுலா. நான் கணக்குப் பாக்கிறதில்ல."

பெட்டியும் போதாது என்று தோன்றினால், பிள்ளையைத் தன் ரவிக்கைக்குள் நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மற்ற வேலைகளைப் பார்ப்பார். புண்ணுக்கு மருந்து வைக்கும்போது திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு விரலைத் துணிக்குள் விட்டு எதையோ சுண்டுவார். பிள்ளை மூச்சுவிட மறந்துவிட்டதாம். உள்ளங்காலைச் சுண்டினால் ஞாபகம் வருமாம். பால் கொடுப்பது பேனாவுக்கு மை ஊற்றுகிற கண்ணாடிப் பில்லரால். சிரம்பானில் ஒரு காகிதக் கடையில் அதை வாங்கி வருவது என் பொறுப்பு. அப்படித்தான் எனக்கும் அவருக்கும் பேச்சு உண்டாயிற்று.

பிள்ளை வாங்கும் கதையை அவரே எனக்குச் சொன்னார்.

வந்த புதிதில் அவர் காப்பாற்றிய பிள்ளைகளை அவர் கண்ணெதிரே இழந்தார். பெட்டியில் நன்றாக இருக்கும். மிஸ்ஸி சாப்பிடப் போன நேரத்தில் மாமியாரோ சித்தியோ வந்து, எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டி, திரும்பவும் பெட்டியில் கிடத்திவிட்டுப் போவார்கள். அன்பாகத்தான் செய்வார்கள். சாயங்காலம் பிள்ளை ஜில்லிட்டிருக்கும். மிஸ்ஸி கத்திப் பார்த்தார். காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தார். டிரஸ்ஸரை விட்டு மிரட்டச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் பிள்ளைக்கு நாங்கள் எண்ணெய் வைக்க யாரைக் கேட்க வேண்டும் என்றார்கள்.

அப்புறம் ஒரு நாள், ஏற்கெனவே பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருத்தி முந்தானையில் ஒரு பிடி தவிட்டோடு வந்து நின்றாள். பெற்றவளுக்குப் பிள்ளை தங்கவில்லையென்றால் அதை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்கள் ஜனங்களின் வழக்கம். தேடி வருகிறவனுக்கு வீடு தெரியாமல் போய்விடும் என்று நம்பிக்கை. வாங்குகிறவள் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைத் தன்னுடையதாக்கிக்கொள்வாள். பிள்ளை தேறியதும் திருப்பிக் கொடுப்பாள். இந்தப் பெண்ணுக்கு லயத்து வரிசை வீடுகளில் வாங்க ஆளில்லை. தவிட்டையும் தானே கொண்டுவந்து, "நீங்க வாங்கிக்குங்க மிஸ்ஸி" என்று நீட்டினாள்.

"நானும் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டேன் தம்பி. மறுநாள் அவ மாமியா எண்ணெய்க் கிண்ணத்தோட வந்துச்சு. எனக்கு என்ன தோணுச்சோ, வித்த புள்ளைக்கு எண்ணெய் வெக்க நீ யாருன்னு கேட்டேன். அந்தம்மா கொஞ்ச நேரம் நின்னுச்சு. யோசிச்சுச்சு. ஞாயம்தாங்கன்னுட்டுத் திரும்பிப் போயிடுச்சு. நான் படிச்ச படிப்பு எதுக்கும் அப்படி ஒருத்தர்கூட திரும்பிப் போனதில்ல."

அன்றிலிருந்து பலவீனமாகப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் அவர் வாங்கினார். தாய் விற்க மறந்தால் தானே கேட்டு வாங்கினார். அலமாரியில் மருந்துப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் ஒரு டின் நிறையத் தவிடு இருந்தது.

நான் அப்போது பள்ளியில் கிருமிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள் நான்தான், ஆகவே எல்லாவற்றையும் திருத்திவிட வேண்டும் என்ற வேகம். "இது மூடப்பழக்கம் இல்லையா மிஸ்ஸி? நீங்களே செய்யலாமா?" என்று கேட்டேன்.

"மூடப்பழக்கம்தான். நீ ஒண்ணு செய். உங்க அம்மாவ உக்கார வெச்சு கிருமியப் பத்தி நல்லா எடுத்துச் சொல்லு. அவங்க எண்ணெய்க் கிண்ணத்தக் கீழ வெச்சிட்டாங்கன்னா, நானும் தவிட்டக் கோழிக்குப் போட்டுடறேன்."

நான் அம்மாவிடம் சொல்லிப் பார்க்கவில்லை. என்ன நடக்கும் என்று எனக்கே தெரியும்.

வாங்கினால் மட்டும் போதாது, பெற்றவளின் வாயும் கட்டப்பட வேண்டும் என்பது அவருடைய சட்டம். வழக்கத்தில் அது இருந்ததுதான். மிஸ்ஸி அதை இறுக்கிப் பிடித்தார். "என்" என்று தாய் ஆரம்பித்தால், தொட்டுப் பார்க்க ஆசை வரும், தூக்க ஆசை வரும், வீட்டுக்குக் கொண்டுபோக ஆசை வரும் என்பார். ஆகவே வாசலில் வந்து நிற்கிற ஒவ்வொரு தாயையும் தினமும் கேட்பார்.

"யாரு புள்ள?"

"உங்க புள்ள மிஸ்ஸி."

ஒரு சின்னப் பெண், தலைப்பிரசவம், ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்து "என் ராசா" என்று சொல்லிவிட்டாள். மிஸ்ஸி கையைத் தேய்த்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். "ராசா யாரோடது?" அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு, "உங்களோடது" என்றாள். "அப்ப என் ராசாவ நான் பாத்துக்கிறேன். நீ போய் வயித்துக்குச் சாப்பிடு. பால் ஊறணும்."

தேறின பிள்ளைகளைத் திருப்பிக் கொடுக்கும்போது திட்டிக்கொண்டே கொடுப்பார். "இந்தா, உன் சனியன். என் தூக்கமெல்லாம் போச்சு." தாய் சிரித்துக்கொண்டு வாங்கிப் போவாள். அப்படித் திரும்பி வந்தவர்கள் எங்கள் லயத்தில் சிலர் இருந்தார்கள். பிச்சை, குப்பம்மா, தவிட்டான் என்று பெயர் வைத்திருப்பார்கள். திரும்பாதவர்கள்தான் அதிகம். ஒரு மரப்பெட்டியும் சில ஸ்டவுட் பாட்டில்களும் எத்தனை பேரைத்தான் பிடித்து வைக்கும்.

திரும்பாத பிள்ளைகளை அவர் யாரிடமும் கொடுக்கமாட்டார். தானே துடைத்து, வெள்ளைத் துணி சுற்றி, தண்ணீர் தூக்குகிற ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வருவார். பிறகு நேராகப் பெற்றவளின் வீட்டுக்குப் போவார்.

"உனக்கு ஒண்ணும் சாகல. போனது என்னோடது. செத்தா என் கணக்கு, பொழைச்சா உன் கணக்கு. எழுந்து சோறு தின்னு."

இதை நான் முதலில் பெரிய மனசு என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் பில்லர் கொடுக்கப் போனபோது ஒருத்தி ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே மிஸ்ஸி இறந்த பிள்ளைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். "மொகத்த மட்டும் பாத்துட்டுப் போயிடறேன் மிஸ்ஸி" என்றாள். அழவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள்.

"என் புள்ள மொகத்த உனக்கு எதுக்குக் காட்டணும்?" என்று சொல்லிவிட்டு மிஸ்ஸி கதவைச் சாத்தினார்.

 அப்புறம் ஏன் காட்டவில்லை என்று அவரிடம் கேட்டேவிட்டேன். அவர் வெகுநேரம் கை கழுவினார். "பாத்துட்டா அவளுக்குச் செத்ததாயிடும்" என்றார். "பாக்கலன்னா எனக்கு மட்டும்தான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் சிரம்பானுக்குக் கோயிலுக்குப் போவார். தவிட்டு விஷயம் பாதிரியார் காதுவரை போயிருந்தது. "கூப்பிட்டுக் கேட்டாருலா. ஏம்மா, கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இத்தனை புள்ளையான்னு. கவலைப்படாதீங்க சாமி, முக்காவாசி உங்க ஆண்டவர்கிட்டயே போயிடுச்சுன்னேன்." இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பை எப்போது நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கத்தின் அவசர காலம் வந்தது. காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு, சாப்பாடு போகக் கூடாது என்று, சிதறிக்கிடந்த லயங்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். ஒரே ஒரு கேட். காலையில் வேலைக்குப் போகும்போது மடியையும் வாளியையும் சோதிப்பார்கள். சோற்றுப் பருக்கைகூட வெளியே போகக் கூடாது. எங்கள் ஜனங்கள் மத்தியானம் மரத்துப் பாலை வாளி வாளியாகச் சுமந்து வந்தபோது அதை யாரும் தடுக்கவில்லை. உள்ளேயிருந்து வெளியே போகிற பாலுக்குத்தான் தடை.

ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே மாட்டிக்கொண்டது. தாய்மார்கள் பாலைப் பீய்ச்சிச் சின்ன மருந்துப் பாட்டிலில் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று. பழைய கார்ப்பரல் நல்ல மனிதர். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சூசூ மிஸ்ஸி" என்று மலாயில் சொல்லிவிட்டு விடுவார். மிஸ்ஸி பால் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

என் அக்காவுக்கு முன்பு பிறந்த இரண்டும் நிற்கவில்லை. மூன்றாவது ஏழாம் மாதத்திலேயே பிறந்தது. பெண். நான் லீவில் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தோல் வழியாக உள்ளே ஓடுகிற நரம்பு தெரிந்தது. மிஸ்ஸி அதன் காதை விரலால் மடித்தார். அது மடிந்தபடியே இருந்தது.

"பாத்தியா, நிமிர மாட்டேங்குது. இன்னும் உள்ள இருக்க வேண்டிய காது." அவரே அதை நீவிவிட்டார்.

அக்காவுக்கு மார்ச்சளி, விடாத இருமல். அந்த மூச்சு பிள்ளைமேல் படக் கூடாது என்று மிஸ்ஸி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பாலை மட்டும் அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் வழக்கம்போல வாங்கல் விற்றல் நடந்தது. அக்கா தவிட்டை வாங்கிக்கொண்டாள்.

"யாரு புள்ள?"

"உங்க புள்ள மிஸ்ஸி."

"யாரு கேட்டாலும்?"

"யாரு கேட்டாலும் உங்க புள்ளதான்."

"வாய் தவறிக்கூட மாத்திச் சொல்லக் கூடாது. ரெண்டு போனது போதும் உனக்கு. எடை ஏறட்டும், நானே கொண்டாந்து தர்றேன்."

அக்கா படிக்காதவள். ஆனால் சொன்ன சொல்லை அவள் பிடித்துக்கொண்டால் யாராலும் விடுவிக்க முடியாது. மாமாவையும் சத்தியம் பண்ண வைத்தாள். வீட்டில்கூட இருவரும் "மிஸ்ஸி புள்ள" என்றுதான் பேசிக்கொள்வார்கள் என்று அம்மா சொன்னாள்.

கேட்டில் நடந்ததை மண்டோரும் மாமாவும் எனக்குப் பிறகு சொன்னார்கள். புதுக் காவல்காரர் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தார். யாருக்கு என்று மலாயில் கேட்டார். மண்டோர் தமிழில் சொன்னார். அக்கா, "மிஸ்ஸி புள்ளைக்கு" என்றாள்.

"மிஸ்ஸிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?"

"இன்னும் இல்ல" என்றார் மண்டோர். அது உண்மைதானே.

"அப்போ உன் பிள்ளையா?" காவல்காரர் அக்காவின் நனைந்திருந்த ரவிக்கையைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லீங்க. எனக்குப் புள்ள இல்லீங்க."

மாமாவைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். நிலைமை போகிற போக்கைப் பார்த்த மண்டோர், உதவி செய்கிறோம் என்று நினைத்து, "பெத்தது இவதான். ஆனா வித்துட்டா" என்று மலாயில் சொன்னார்.

"விற்றுவிட்டாளா? யாருக்கு?"

அதற்குமேல் மண்டோர் சொன்ன எதையும் அவர்கள் கேட்கவில்லை. பிள்ளையில்லை என்கிறாள், விற்றுவிட்டாள் என்கிறார்கள், பால் மட்டும் காட்டுப் பக்கமாகப் போகிறது. காட்டுக்குள் யாருடைய பிள்ளையோ இந்தப் பாலைக் குடிக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். அந்தக் காலத்தில் அப்படி நினைப்பதுதான் சுலபம். பாட்டிலைக் கவிழ்த்தார்கள். செம்மண் அதை உடனே குடித்துவிட்டது. அக்காவையும் மாமாவையும் லாரியில் ஏற்றிச் சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள்.

மண்டோர் மேட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னபோது மிஸ்ஸி கையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டாராம். "நான் சொல்லிக்கொடுத்தத அப்படியே சொல்லியிருக்கா" என்றாராம். அவ்வளவுதான். லயத்தில் பால்கொடுக்கிற வேறு பெண்களைக் கேட்டனுப்பினார். நடந்ததைப் பார்த்தபிறகு யாரும் பாட்டிலைத் தொடத் துணியவில்லை. சர்க்கரைத் தண்ணீரைப் பில்லரில் கொடுத்தார். பிள்ளை அதைக் கக்கிவிட்டது. தாயின் பாலும் சிரம்பானில், பிள்ளை இருக்கிறது என்பதற்குச் சாட்சியும் பிள்ளையேதான். பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, ரோட்டுமுனைச் சீனரின் டாக்சியைப் பிடித்தார்.

பாரோய் தாண்டி வந்த டாக்சி அம்பாங்கானில் நான் தங்கியிருந்த வீட்டு வாசலில் நின்றது. மிஸ்ஸி இறங்கவில்லை. "சட்டைய மாட்டிக்கிட்டு ஏறு. இங்கிலீசு வேணும்" என்றார். கதை முழுவதையும் வழியில் சொன்னார். நடுநடுவே பேச்சை நிறுத்தி, துணிக்குள் விரலை விட்டுச் சுண்டினார். அன்று அந்தப் பிள்ளை அடிக்கடி மறந்தது.

ஸ்டேஷனில் ஒரு மலாய் சார்ஜன்ட் இருந்தார், வயதானவர். நான் சொன்னதைக் கேட்டார். மிஸ்ஸியின் துணியை விலக்கிப் பார்த்தார். தானே எழுந்துபோய் ஒரு பாட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"எங்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. எனக்குப் புரிகிறது. ஆனால் உள்ளே இருக்கிற வெள்ளைக்காரத் துவானுக்குப் புரியாது. பிள்ளையை விற்றுவிட்டாள் என்று எழுதியாகிவிட்டது. பெற்றவள் தன் வாயால் என் பிள்ளை என்று அவர் முன்னால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் விட்டுவிடுவார். சொல்லாவிட்டால் பிள்ளையை அவளிடம் கொடுக்கக்கூட என்னால் முடியாது."

அக்காவை அழைத்து வந்தார்கள். வெள்ளைக்கார அதிகாரி மேஜைக்குப் பின்னால் நின்றார், முகத்தில் கோபம் ஒன்றுமில்லை, அவசரம்தான் இருந்தது. யாருடைய பிள்ளை என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

அக்கா பிள்ளையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். "மிஸ்ஸி புள்ள" என்றாள்.

"அக்கா, சொல்லிட்டா வீட்டுக்குப் போயிடலாம்."

"மிஸ்ஸி புள்ளதான்டா."

மிஸ்ஸி அவள் முன்னால் போய் நின்றார். "சொல்லுடி. உன் புள்ளன்னு சொல்லு. பால் குடிக்கல அது. நீ சொன்னாத்தான் கொடுக்க விடுவாங்க."

"நீங்கதான சொன்னீங்க, வாய் தவறிக்கூட சொல்லக் கூடாதுன்னு." அக்காவின் குரல் மிகவும் பணிவாக இருந்தது. மிஸ்ஸி தன்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்றுகூட அவள் நினைத்திருக்கலாம்.

"சொன்னது நான்தான். இப்ப நானே சொல்றேன். இது என் புள்ள இல்ல. எனக்குப் புள்ளையே கெடையாது. நான் யாரோட புள்ளையையும் வாங்கல."

அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் எழுத முயன்று பலமுறை அடித்துவிட்டேன்.

அக்கா மறுத்துத் தலையை ஆட்டினாள். "எடை ஏறினாத்தான தருவேன்னீங்க."

மிஸ்ஸி பிள்ளையைக் குனிந்து பார்த்தார். பிள்ளைகளின் எடையைப் பற்றி அவர் யாரிடமும் பொய் சொன்னதில்லை. ஆசைகாட்டுவது பாவம் என்பார். "ஏறிடுச்சு" என்றார். "நேத்தே ஏறிடுச்சு. உன்கிட்ட சொல்ல நேரமில்ல. இந்தா, புடி."

அக்கா முதல் தடவையாகத் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அவள். ஏறியிருக்கிறதா இல்லையா என்பது பார்த்தால் தெரியாதா. வெகுநேரம் பார்த்தாள். அதிகாரி கைக்கடிகாரத்தைத் திருப்பினார்.

"என் புள்ள" என்றாள் அக்கா.

நான் மொழிபெயர்த்தேன். இரண்டு சொல்.

பெஞ்சில் உட்கார்ந்து, சார்ஜன்ட் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்ள, மிஸ்ஸி அக்காவின் பாலைப் பில்லரில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார். முதலில் கொஞ்சம் உள்ளே போயிற்று. பிறகு கடைவாயில் வழிந்தது. மாமாவையும் விட்டார்கள். தோட்டத்துக்குத் திரும்ப வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுவோம் என்றார் மிஸ்ஸி. டாக்சி பெரிய ஆஸ்பத்திரி மேட்டில் ஏறும்போது அவர் விரல் துணிக்குள்ளேயே இருந்தது. சுண்டிக்கொண்டே இருந்தார். டாக்சி வாசலில் நின்றபிறகும் சுண்டிக்கொண்டிருந்தார். டிரைவர்தான் திரும்பிப் பார்த்துவிட்டு என்ஜினை அணைத்தார்.

"உனக்கு ஒண்ணும் சாகல" என்றார் மிஸ்ஸி. பழகின வாய். "இது என் கணக்கு. நீ வித்ததுதான். ஸ்டேஷன்ல சொன்னது வெள்ளைக்காரனுக்காகச் சொன்னது, அது கணக்குல சேராது."

"சேரும் மிஸ்ஸி. நான் சொல்லிட்டேன். சொன்னதாலதான் போச்சு."

"அப்படி இல்லடி. குளிரு. பசி. எத்தனை தூரம் கொண்டாந்தேன்."

"குடுங்க."

மிஸ்ஸி கொடுக்கவில்லை. அக்கா அவர் முடிச்சை அவிழ்த்து, துணியோடு சேர்த்துப் பிள்ளையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தைத் திறந்து பார்த்தாள். மூக்கையும் உதட்டையும் தடவினாள். மடிந்திருந்த காதை நீவிவிட்டாள். தோட்டம் வந்து சேரும்வரை அந்த முகத்தை மூடவில்லை. மிஸ்ஸி முன்சீட்டில், அவிழ்ந்து கிடந்த ரவிக்கையைக்கூடச் சரிசெய்யாமல் உட்கார்ந்திருந்தார். கைகள் மடியில் கிடந்தன. தேய்க்கவில்லை.

அதன்பிறகு அவர் பிள்ளை வாங்கவில்லை. தவிடு கொண்டுவந்தவர்களிடம், "உன் புள்ளைய நீயே வெச்சுக்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமியார்களும் சித்திகளும் எண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பவும் ஆஸ்பத்திரிக்குள் வந்தார்கள். அவர் தடுக்கவில்லை, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எங்கே என்று சிலர் ஒன்றும் சிலர் வேறொன்றும் சொன்னார்கள். அக்காவுக்கு அப்புறம் பிள்ளை இல்லை. தான் வாய் திறந்து கொன்றுவிட்டதாகத்தான் அவள் இன்றுவரை சொல்கிறாள். நான் வாத்தியாராகிவிட்டேன், எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவளுக்கு மாற்றிச் சொல்லிக்கொடுக்க என்னால் முடியவில்லை.

பிள்ளை இருந்தது உண்மை என்று விசாரணையில் தெரிந்துவிட்டதால் மற்ற வழக்கெல்லாம் தள்ளுபடியாயிற்று. ஆனால் அனுமதியில்லாமல் கேட்டுக்கு வெளியே உணவுப்பொருள் கொண்டுபோனது குற்றம் குற்றம்தான் என்றார்கள். அதற்கு அபராதம் மலாயாக் காசு இருபத்தைந்து வெள்ளி. டாக்சிக்குப் போய்வந்ததற்கும் காத்திருந்ததற்கும் சேர்த்துப் பதினாலு வெள்ளி. ஆக மொத்தம் முப்பத்தொன்பது வெள்ளி.